காற்று கடுக்கும்போது கரத்தைத் தாழ்த்துதல்: ஹரம் கிரேன் விபத்து சொல்லும் வரலாறு

ஹிஜ்ரி 1436, துல்கஃதா பிறை 27, வெள்ளிக்கிழமை. ஆங்கில நாட்காட்டியில் 2015 செப்டம்பர் 11. ஹஜ் கிரியைகள் தொடங்க இன்னும் பதினோரு நாட்களே இருந்தன. உலகின் நான்கு திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்த ஹாஜிகள் மஸ்ஜிதுல் ஹராமில் அஸர் தொழுதுவிட்டு மஃரிபை எதிர்பார்த்திருந்தார்கள். சிலர் தவாஃபில் இருந்தார்கள். சிலர் குர்ஆனைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தார்கள். மாலை ஐந்து மணி கடந்த சிறிது நேரத்தில் மக்காவின் வானம் கறுத்தது. புழுதிக்காற்று கிளம்பியது, இடியும் மழையும் சேர்ந்துகொண்டன. பள்ளியின் கிழக்குப் பக்கம், விரிவாக்கப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்த ராட்சத கிரேன் ஒன்று சாய்ந்து, கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது.

111 பேர் உயிரிழந்தார்கள் என்றும், 394 பேர் காயமடைந்தார்கள் என்றும் பதிவாகியுள்ளது. வங்கதேசம், எகிப்து, பாகிஸ்தான், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாடுகளின் வீடுகளில் அந்த இரவு ஒப்பாரி கேட்டது. அல்லாஹ் அவர்கள் அனைவரின் மண்ணறைகளையும் ஒளிமயமாக்குவானாக.

அன்றைய நாட்களில் நம் வீடுகளில் பேசப்பட்டது ஒன்றே. புனித மண்ணில், வெள்ளிக்கிழமை மாலையில், வணக்கத்தில் இருக்கும்போது கிடைத்த மரணம் யாருக்கு வாய்க்கும் என்று ஆறுதல் சொன்னோம். கத்ரை நம்பும் சமுதாயம் அப்படித்தான் பேசும். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இறந்தவரின் வீட்டில் ஆறுதலாகச் சொல்லப்படும் அதே சொல், கிரேனை நிறுத்தியவரின் மேசையில் பதிலாக வைக்கப்படுமானால் அதை மார்க்கம் ஏற்குமா? இந்தக் கேள்விக்கு நம் முன்னோர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நினைவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்று நடந்தது என்ன?

விழுந்த கிரேன் ஜெர்மனியின் லீபெர் நிறுவனம் தயாரித்தது. டாங்கியைப் போல இரும்புப் பட்டைகளின் மேல் நகரும் வகை. முழு ஆற்றலில் 1,350 டன் வரை தூக்க வல்லது. மன்னர் அப்துல்லாஹ் காலத்தில் 2011இல் தொடங்கிய விரிவாக்கப் பணியை மேற்கொண்டிருந்த சவூதி பின்லாடின் குழுமம் அதை இயக்கிவந்தது.

இத்தகைய கிரேனின் வலிமை அதன் நீண்ட கரத்தில் இருக்கிறது. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தரையில் இலேசாக வீசும் காற்று உயரத்தில் பலமாக வீசும். நிமிர்ந்து நிற்கும் கரம் அக்காற்றை முழுவதுமாக ஏந்துகிறது. கம்பிச் சட்டங்களால் ஆன கரம்தானே, காற்று ஊடே போய்விடும் என்று தோன்றலாம். ஆனால் நூறு மீட்டருக்கும் மேல் நீண்ட கரத்தின் ஒவ்வொரு சட்டமும் சிறிது சிறிதாகக் காற்றைத் தடுக்கும்போது, அந்த அழுத்தம் அனைத்தும் சேர்ந்து அடித்தளத்தை நெம்புகோல் போலப் பெயர்க்கிறது. சுமை தூக்காமல் சும்மா நிற்கும் கிரேனும் இதனால் கவிழலாம். ஆகவேதான் வேலையில்லாத வேளையிலும், பலத்த காற்று வீசும் வேளையிலும் கரத்தைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்பது விதி.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடலோடிய நம் முன்னோர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. காற்று கடுத்தால் பாயை இறக்க வேண்டும் என்பது மரக்கலம் ஏறிய சிறுவனுக்கும் தெரிந்த பாடம். நிமிர்ந்து நின்ற அந்தக் கரமும் ஒரு பாய்தான். அன்று மாலை அது இறக்கப்படவில்லை.

சவூதி அரசு அமைத்த விசாரணைக் குழு சில நாட்களிலேயே தன் முடிவை அறிவித்தது. தயாரிப்பாளரின் இயக்க விதிகளுக்கு மாறாகக் கிரேன் நிறுத்தப்பட்டிருந்தது; பயன்பாட்டில் இல்லாதபோது தாழ்த்தப்பட வேண்டிய கரம் உயர்த்தியபடியே விடப்பட்டிருந்தது; வானிலைத் துறையின் எச்சரிக்கைகளைப் பாதுகாப்புப் பொறுப்பாளர்கள் பின்தொடரவில்லை; கிரேனை நிறுத்தியபோது காற்றின் வேகம் அளக்கப்படவில்லை. இவற்றோடு இன்னொன்றையும் குழு சொன்னது. கிரேன்களின் நிலையை, குறிப்பாக விபத்துக்குள்ளான அந்தக் கிரேனின் நிலையை, மறுபரிசீலனை செய்யுமாறு தொடர்புடைய துறைகள் அனுப்பிய கடிதங்களுக்கு உரிய பதில் நடவடிக்கை இல்லை. சதிச்செயல் ஏதும் இல்லை. ஆயினும் ஒப்பந்த நிறுவனத்துக்குப் பொறுப்பில் பங்கு உண்டு என்பதே குழுவின் முடிவு.

அந்தக் கடிதங்களை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் அவற்றிடம் வருவோம்.

கட்டுமானமும் ஹரமும்

கஅபாவின் வரலாறே கட்டுமானத்தின் வரலாறாகவும் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதிருக்கையில், வெள்ளத்தால் நலிந்திருந்த கஅபாவைக் குறைஷிகள் புதுப்பித்தார்கள். கடற்கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலொன்றின் மரங்கள் கூரைக்குப் பயன்பட்டன என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 17இல் மற்றொரு வெள்ளம் மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்தபோது, உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து நேரில் வந்தார்கள். சுற்றியிருந்த வீடுகளை விலைகொடுத்து வாங்கிப் பள்ளியை விரித்தார்கள். ஹிஜ்ரி 1039இல், அதாவது 1630இல், பெருவெள்ளம் கஅபாவின் சுவர்களைச் சாய்த்தது. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் அது மீண்டும் கட்டப்பட்டது. 1955இல் சவூதி ஆட்சியின் முதல் விரிவாக்கம் தொடங்கிற்று. அதன்பின் மக்காவில் கட்டுமானம் ஓய்ந்த காலம் குறைவு.

மக்காவின் மழையும் வெள்ளமும் காற்றும் யாரும் எதிர்பாராதவை அல்ல என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் கட்டியவர்கள் அனைவரும் வானத்தைக் கணக்கில் எடுத்தே கட்டவேண்டியிருந்தது.

இயந்திரங்களும் முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஒரு தவறான நம்பிக்கையை மறுக்கிறார். பழங்கால மக்கள் எழுப்பிய பெரும் கட்டடங்களைப் பார்த்தவர்கள், அவற்றைக் கட்டியவர்கள் ராட்சத உடல் படைத்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று கதை கட்டினார்கள். உடல் பெரிதல்ல, சுமையைத் தூக்கும் பொறிகளும் அவற்றை இயக்கும் அறிவும் ஒழுங்குபட்ட கூட்டுழைப்புமே அவற்றைச் சாத்தியமாக்கின என்பது அவரது விளக்கம். மனிதனின் வலிமையைப் பொறி பன்மடங்காக்குகிறது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். வலிமை பன்மடங்காகும்போது பிழையின் விளைவும் பன்மடங்காகும் என்பதை 2015 நமக்குக் காட்டியது.

நபிவழி கற்றுத்தந்த எச்சரிக்கை

அம்புகளை ஏந்திப் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ நடப்பவர், அவற்றின் கூர்முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும், எவரையும் காயப்படுத்திவிடக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. அம்பு ஏந்தியவர் யாரையும் குத்த நினைக்கவில்லை. தம் வேலையாகப் போகிறார், அவ்வளவுதான். ஆயினும் ஆபத்தான பொருளைப் பிறர் நடுவே கொண்டுவந்தவர் என்ற முறையில், கூர்முனையைப் பற்றும் கடமை அவருடையது. தொழுகைக்கு வந்தவர்கள் தாங்களாக ஒதுங்கிப் போகட்டும் என்று அவர் சொல்ல முடியாது.

தடுப்பு இல்லாத மொட்டைமாடியில் இரவு உறங்குபவரைக் குறித்தும் ஹதீஸில் எச்சரிக்கை வந்துள்ளது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி விடை கிடைத்த நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்ப முடிவெடுத்தபோது, இது விதியிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். எச்சரிக்கையும் கத்ரின் ஒரு பகுதியே என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

காற்றைக் கவனித்த சட்டநூல்

ஹிஜ்ரி 450இல், அதாவது 1058இல், பக்தாதில் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் மாவர்தீ, ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் ஆட்சிச் சட்டநூலை எழுதினார். அதில் ஹிஸ்பா என்னும் பொதுக்கண்காணிப்புத் துறைக்கு ஒரு பகுதி உண்டு. அத்துறையின் அலுவலரான முஹ்தஸிபைப் பற்றி நாம் பொதுவாக அறிந்தது, அவர் கடைவீதியில் எடையையும் அளவையும் சோதிப்பவர் என்பதே. அவரது கடமைகள் அதைவிட விரிந்தவை. கால்நடைகளின்மீது தாங்க முடியாத சுமை ஏற்றப்படாமல் அவர் தடுக்க வேண்டும். கப்பல் உரிமையாளர்கள் கொள்ளளவுக்கு மேல் ஏற்றி மூழ்கும் ஆபத்தை உண்டாக்காமல் தடுக்க வேண்டும். பலத்த காற்று வீசும்போது கலங்கள் புறப்படுவதையும் அவர் தடுக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று கவனிப்போம். காற்றை அனுப்புபவன் அல்லாஹ் என்பதில் மாவர்தீக்கு ஐயம் இருந்திருக்க முடியாது. அப்படியிருந்தும், காற்று கடுக்கும் வேளையில் கலத்தைச் செலுத்துவது உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. அதைத் தடுத்து நிறுத்த ஓர் அலுவலர் வேண்டும் என்று சட்டம் வகுக்கப்பட்டது. சரக்கு தாமதமாகும், கூலி வீணாகும் என்ற வணிகரின் கணக்குக்கு எதிரே, பயணிகளின் உயிருக்காகப் பேச ஒருவர் நிறுத்தப்பட்டார். இன்றைய மொழியில் அவரைப் பாதுகாப்பு அதிகாரி என்போம்.

சாய்ந்த சுவரும் அறிவிப்பும்

ஹனஃபி மத்ஹபின் சட்டநூல்களில், 12ஆம் நூற்றாண்டின் இமாம் மர்கீனானீயின் ‘ஹிதாயா’ உட்பட, சாய்ந்த சுவரைப் பற்றிய தனிப் பகுதியே உண்டு. ஒருவரின் சுவர் பொதுவழியை நோக்கிச் சாய்கிறது. அதை இடித்துவிடுமாறு அவரிடம் கோரப்படுகிறது. இடிப்பதற்குப் போதிய அவகாசமும் இருக்கிறது. அவர் இடிக்கவில்லை, சுவர் விழுந்து உயிரோ பொருளோ சேதமாகிறது. இப்போது பொறுப்பு அவரைச் சாரும். தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால், முன்னறிவிப்பு இல்லாமலே பொறுப்பு உண்டு. மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் கருத்து வேறுபாடு உண்டு எனினும், சுவர் தானாக விழுந்தது என்ற சொல் எல்லா வேளையிலும் விடுதலை தராது என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தச் சட்டத்தின் உயிர் அறிவிப்பில் இருக்கிறது. ஆபத்து இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லப்பட்ட நொடியிலிருந்து, நடக்கப்போவது அவருக்குத் தெரியாத ஒன்றாக இருக்க முடியாது. மேலே நாம் குறிப்பிட்ட கடிதங்கள் இங்கேதான் கனம் பெறுகின்றன. கிரேனைக் கவனிக்குமாறு கடிதம் வந்திருந்தது என்று விசாரணைக் குழு சொன்னபோது, அது பழைய ஃபிக்ஹு நூல்களின் சாய்ந்த சுவரையே விவரித்தது.

இன்னொன்றும் உண்டு. தவறுதலாக நேரும் கொலைக்கும் குர்ஆன் தியத்தையும் பரிகாரத்தையும் விதித்திருக்கிறது. கொல்லும் எண்ணம் இல்லாததால் பழிக்குப்பழி இல்லை. ஆனால் எண்ணம் இல்லாததால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் இறந்தவரின் குடும்பத்துக்கான நீதி தங்கியிருக்கிறது.

நீண்ட வழக்கு

மன்னர் ஸல்மான், இறந்தவர்களின் குடும்பத்தினருக்கும் நிரந்தர ஊனமுற்றோருக்கும் தலா 10 லட்சம் ரியாலும், காயமடைந்த மற்றவர்களுக்கு 5 லட்சம் ரியாலும் வழங்க ஆணையிட்டார். நிறுவனம் புதிய அரசு ஒப்பந்தங்கள் பெறத் தடை விதிக்கப்பட்டது. வழக்கும் தொடங்கிற்று.

2017இல் மக்கா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது. பெருமழையும் இடிப்புயலுமே காரணம், மனிதத் தவறு அன்று என்று அது கருதியது, தியத்தும் விதிக்கப்படவில்லை. வழக்கு அத்துடன் நிற்கவில்லை. மேல்முறையீடு, மறுவிசாரணை, மீண்டும் விடுதலை என்று பல படிகள் ஏறி இறங்கி, 2022இல் உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்புகளை ரத்து செய்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அலட்சியத்தை உறுதிசெய்து, நிறுவனத்துக்கு 2 கோடி ரியால் அபராதமும், பொறுப்பிலிருந்தோர் சிலருக்குச் சில மாதச் சிறையும் விதித்தது. புயலே காரணம் என்பதிலிருந்து, புயலுக்கு ஆயத்தமாகாததே காரணம் என்பதற்கு வந்து சேர ஏழாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே விலை கொடுத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. எண்ணெய் விலை வீழ்ச்சியும் ஒப்பந்தத் தடையும் சேர்ந்து நெருக்க, அந்நிறுவனத்திலிருந்து 2016இல் பல்லாயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பல மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. கிரேனின் கரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே பாடம்

இது ஒரு நாட்டின் குறையென்று எண்ணிவிட வேண்டாம். 1999 ஜூலையில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், விளையாட்டரங்கின் கூரைப் பகுதியொன்றைத் தூக்கிய பெரும் கிரேன் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அகன்ற அந்தக் கூரைத் துண்டின்மீது காற்று எவ்வளவு அழுத்தும் என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. 2016 பிப்ரவரியில் நியூயார்க்கில், காற்றுக்கு அஞ்சிக் கரத்தைத் தாழ்த்திக்கொண்டிருக்கும்போதே ஒரு கிரேன் விழுந்து, வழியே சென்ற ஒருவர் இறந்தார். அதன்பின் அந்நகரம், மணிக்கு 20 மைலுக்கு மேல் தொடர்காற்று வீசும் என்ற முன்னறிவிப்பு வந்தாலே இவ்வகைக் கிரேன்கள் வேலையை நிறுத்திப் பாதுகாப்பு நிலைக்குப் போக வேண்டும் என்று ஆணையிட்டது. தாழ்த்துவதும் தாமதமாகிவிடலாம் என்பதே அதன் பாடம்.

நம் நாட்டிலும் துயரங்கள் குறைவில்லை. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், சோதனை ஓட்டத்தின்போது கிரேன் சரிந்து 11 பேர் உயிரிழந்தார்கள். அங்கே புயல் இல்லை. சரியாக மூன்றாண்டு கழித்து, மகாராஷ்டிராவின் ஷஹாபூர் அருகே விரைவுச்சாலைப் பாலப் பணியில், உத்தரங்களைத் தூக்கி வைக்கும் இயந்திரம் நள்ளிரவில் சரிந்து 20 பேர் மடிந்தார்கள். கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கென 1996ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிய நாடு நம்முடையது. சட்டம் இருப்பதும், அதைக் கையிலெடுத்து வேலையை நிறுத்த ஒருவர் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நமக்கு இதில் என்ன?

நம் குடும்பங்களில் பிள்ளைகள் வளைகுடாவில் கட்டுமானப் பணியில் இருக்கிறார்கள். கிரேன் இயக்குபவர், கீழே நின்று சைகை காட்டுபவர், சுமை கட்டுபவர், மேற்பார்வையாளர், பொறியாளர் எனப் பல நிலைகளில் இருக்கிறார்கள். ஊரிலோ, பள்ளிவாசல்களுக்கு மினாராக்கள் உயர்கின்றன. மதரஸாக்களும் திருமண மண்டபங்களும் வீடுகளும் எழுகின்றன. கட்டுபவர்களாகவும் கட்டுவிப்பவர்களாகவும் நாம் இருக்கிறோம்.

கட்டுவிக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் ஒப்பந்தக்காரரிடம் விலையையும் காலக்கெடுவையும் பேசுவதோடு நிறுத்திவிடலாகாது. சாரம் யார் பரிசோதித்தார்? உயரத்தில் நிற்பவருக்கு இடுப்புப் பட்டை உண்டா? சுமை தூக்கும் நேரத்தில் கீழே தொழுகையாளிகளும் மதரஸாப் பிள்ளைகளும் நடக்காமல் வழி அடைக்கப்பட்டிருக்கிறதா? காற்று எழுந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? ரமழானுக்குள் முடிக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்ற அவசரத்தில்தான் இக்கேள்விகள் விடுபடுகின்றன. ஹரமிலும் ஹஜ் நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது. அல்லாஹ்வின் இல்லத்தைக் கட்டும் பணி என்பதனால் அலட்சியத்துக்குச் சலுகை கிடைத்துவிடாது. ஹரமிலேயே கிடைக்கவில்லை என்பதை நாம் கண்டோம்.

பணியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது. ஆபத்தைக் கண்டால் எழுத்தில் அறிவியுங்கள். சாய்ந்த சுவரைச் சுட்டிக்காட்டியவரைப் போல உங்கள் கடமை அங்கே தொடங்குகிறது. பெறும் இடத்தில் இருப்பவர்கள், அந்த எழுத்தை மேசையில் கிடத்திவிடாதீர்கள். வேலையை நிறுத்தச் சொல்பவரைக் கோழை என்றோ சோம்பேறி என்றோ இகழாதீர்கள். அவர் முஹ்தஸிபின் இடத்தில் நின்று பேசுகிறார்.

ஒரு மனித உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு நிகர் என்று நமக்குக் கற்பித்த மார்க்கத்தில், உயர்ந்து நிற்கும் ஓர் இரும்புக் கரத்தைத் தக்க நேரத்தில் தாழ்த்துவதும் வணக்கமாகலாம். அன்று ஹரமில் உயிர்நீத்தவர்களையும், உலகெங்கும் கட்டுமானங்களில் மடிந்த தொழிலாளர்களையும் வல்ல அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பொறுப்பை உணரும் உள்ளத்தை அருள்வானாக. ஆமீன்.